முட்டுக்காட்டில் ஓர் இங்கிலாந்துத் தேர்தல்

என் தம்பிக்குக் காது குத்துவதற்காக அப்பாவின் அக்காவும் அவர் கணவரும் இங்கிலாந்திலிருந்து வந்திருந்தபோதுதான், அந்த ஊரிலும் கட்சிகள் உண்டு என்பது எனக்குத் தெரிந்தது. நீலக் கட்சி மாமாவுடையது. சிவப்புக் கட்சி அத்தையுடையது. அவர்கள் திரும்பிப் போன கையோடு அங்கே பொதுத்தேர்தல். கூடுவாஞ்சேரியில் எங்கள் வீட்டில் வந்து இறங்கி, முதல் காபி குடிக்கும்போது ஆரம்பித்த வாக்குவாதம், காது குத்தி, விருந்து முடிந்து, சொந்தக்காரர்கள் எல்லாம் கிளம்பிய பிறகும் ஓயவில்லை.

அத்தை அங்கே அரசாங்க ஆஸ்பத்திரியில் நர்ஸ். மாமா சொந்தமாகக் கார் ரிப்பேர் பட்டறை வைத்திருந்தார். என் அப்பா மறைமலைநகரில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் கான்ட்ராக்ட் ஆளாக இருந்து, ஆட்குறைப்பில் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர். பட்டறைக்கு ஆள் தேவைப்படுகிறது, விசாவுக்கு ஏற்பாடு செய்து கூப்பிட்டுக்கொள்கிறேன் என்று மாமா போனில் ஒருமுறை சொல்லியிருந்தார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அப்பா பாஸ்போர்ட் எடுத்தார், வேறு வேலை தேடுவதை நிறுத்தினார். மாமா வந்ததிலிருந்து அவர் பக்கத்தை விட்டு நகரவே இல்லை. மாமா சிரித்தால் சிரித்தார். மாமாவுக்குப் பிடிக்காத சாம்பார் அப்பாவுக்கும் பிடிக்காமல் போனது. அம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

அத்தையும் மாமாவும் ஊருக்குக் கிளம்பும் முன்பு ஒருநாள் மாமல்லபுரம் போனோம். தம்பிக்குக் காது வீங்கியிருந்ததால் அம்மா வரவில்லை. திரும்பும் வழியில் முட்டுக்காட்டில் படகு ஏற வேண்டும் என்று நான்தான் அடம்பிடித்தேன். நாங்கள் நால்வரும் துடுப்புப் படகில் ஏறினோம். கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போனதும் மாமா தேர்தலை எடுத்தார்.

சிவப்புக் கட்சிக்காரர்கள் நாட்டைக் கடனில் தள்ளிவிட்டார்கள், இப்போது ஆள் வைத்திருக்கும் முதலாளிகளிடம் கூடுதலாக வரி கேட்கிறார்கள், வேலை கொடுப்பவனுக்கு அபராதம் போடுவது எந்த ஊர் நியாயம் என்றார். கடன் வாங்கியது கவிழ்ந்துபோன பேங்குகளைத் தூக்கி நிறுத்தத்தானே, அதை நர்ஸ் சம்பளத்தில் பிடிக்கப்போகிறார்களா என்று அத்தை கேட்டாள். நீலக் கட்சி வந்தால் முதலில் எங்கள் சம்பளத்தைத்தான் நிறுத்தி வைப்பார்கள், அப்புறம் காலியான இடங்களுக்கு ஆளே போட மாட்டார்கள் என்றாள்.

எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. எங்கள் தெருவில் எல்லார் வீட்டிலும் இலவச டிவி இருந்தது. அங்கே எந்தக் கட்சி டிவி கொடுக்கும் என்று கேட்டேன். மாமா விழுந்து விழுந்து சிரித்தார். அங்கே அதெல்லாம் கிடையாது, கொள்கையைப் பார்த்துத்தான் ஓட்டு என்றார். அப்பாவும் சேர்ந்து சிரித்தார்.

மாமா துள்ளித் துள்ளிப் பேசியதில் படகு ஒரு பக்கம் சாய்ந்தது. "ஆடாம குந்துணா," என்றார் துடுப்புப் போட்டவர்.

அத்தை அப்போதுதான் குரலைத் தணித்துக் கேட்டாள். "சரி, வரியக் கொறைச்சா நீங்க ஆள் வெப்பீங்க. யார வெப்பீங்க? வெளியூருலேர்ந்து ஆளே வரக் கூடாதுன்னுதான அவங்க சொல்லிகினு கீறாங்க?"

மாமா தண்ணீரைப் பார்த்தார். "அதுவும் கரெக்டுதான். வந்த வரைக்கும் போதும். இன்னும் எத்தினி பேரு வருவாங்க? அந்த ஊரு தாங்க வேணாமா?"

அத்தை அப்பாவின் பக்கம் திரும்பினாள். "நீ இன்னாடா சொல்ற?"

அப்பா சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டார். "மாமா சொல்றது நாயந்தான்க்கா. எல்லாரும் போய் வுயுந்தா அவங்களுக்கும் பேஜாருதான?"

"உனக்குப் புரிஞ்சிதான் பேசிறியா?"

"உனக்குதான்க்கா புரியல. மாமா தொழில் பண்றவரு."

மாமா அப்பாவின் தோளில் தட்டினார். அத்தை முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கரையைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தாள். அப்பா ஜெயித்துவிட்டதாக நினைத்து எனக்கு ஒரே பெருமை. இங்கிலாந்துக்குப் போகாமலே அந்த ஊர் விஷயத்தில் அத்தையை மடக்கிவிட்டாரே! கரையேறியதும் அத்தை அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு, கையைப் பிடித்துக்கொண்டு விசா, வேலை என்று ஏதோ சொன்னாள். அப்பா கையை விடுவித்துக்கொண்டு, காரில் உட்கார்ந்திருந்த மாமாவுக்கு இளநீர் வாங்கப் போய்விட்டார்.

தேர்தலில் நீலக் கட்சி ஆட்சிக்கு வந்தது. அப்பா போன் போட்டு மாமாவுக்கு வாழ்த்துச் சொன்னார். தெருமுனைக் கடையில் மைசூர்பாகு வாங்கி வந்து எங்களுக்குக் கொடுத்தார். அதற்கப்புறம் அத்தையின் சம்பளம் ஏறவில்லை என்று பிறகு கேள்விப்பட்டோம். வெளிநாட்டு ஆட்களுக்கு அங்கே வரம்பு கட்டினார்கள். மாமா ஒருநாள் போனில், ரூலை மாத்திட்டாங்க, நான் என்ன செய்வது என்றார். அப்பா நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தார். "ஆமா மாமா, அவங்களும் நாட்டப் பாக்கணும்ல?" என்று சொல்லி வைத்தார். அந்தத் தீபாவளிக்கு முன்பே ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் செக்யூரிட்டி வேலைக்குச் சேர்ந்துவிட்டார். பட்டறையைப் பற்றி வீட்டில் யாரும் பேசவில்லை.

ஞாயிறுதோறும் வரும் அத்தையின் போனும் நின்றுபோயிருந்தது. அத்தை ஏன் இப்போதெல்லாம் பேசுவதில்லை என்று ஒருநாள் அப்பாவைக் கேட்டேன். அவர் யூனிபார்ம் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார்.

"அவங்க கட்சி தோத்துப் பூடிச்சில்ல, அந்தக் கோவம்," என்றார்.

நானும் நம்பினேன். பாவம் அத்தை, அடுத்த தேர்தலில் அவள் கட்சி ஜெயித்துவிட்டால் மறுபடியும் போன் செய்வாள் என்று நினைத்துக்கொண்டேன்.