இரண்டு சாம்பியன்களிடமும் அடி வாங்கியவர்

ஹோரஸ் பிங்க்னி ஒரு இடத்தில் நிலையாக உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. மிஸ் ரோவினாவின் சலூனில் காத்திருப்பவர்களுக்கென்று சுவரோரம் நாற்காலிகள் உண்டு. ஒன்றில் உட்காருவார், முட்டி ஆட ஆரம்பிக்கும். எழுந்து ஜன்னலுக்குப் போய் ஜெர்மன்டவுன் அவென்யூவில் பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்ப்பார். அவர் ஏற வேண்டிய பஸ் எதுவும் கிடையாது. திரும்பி வந்து வேறொரு நாற்காலியில் உட்காருவார். இரண்டு வருடம் அவரோடு குடும்பம் நடத்திய நர்ஸ் அம்மாள், "உன்கூட இருக்கறது பஸ் ஸ்டாண்டுல குடித்தனம் பண்ற மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாராம். இதை ஹோரஸே சொல்வார், நின்றுகொண்டு.

பிறந்து வளர்ந்ததெல்லாம் வடக்கு பிலடெல்பியாவில்தான். அம்மா ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் பிரிவில் வேலை பார்த்தார். வகுப்பில் உட்கார முடியாத பையனை வாத்தியார் வெளியே அனுப்ப, அவன் நேராகக் குத்துச்சண்டைக் கூடத்துக்குப் போய்விட்டான். எங்கள் ஊர்க் கூடங்களில் பழகுவதற்காக மெதுவாகக் குத்துவது என்ற பேச்சே இல்லை. "கொஞ்சம் நகர்ந்து பாக்கலாமா?" என்று ஒருவன் பயிற்சிச் சண்டைக்குக் கூப்பிட்டால், அன்று மாலை வீட்டில் கஞ்சிதான் குடிக்க முடியும். அதில் தேறி ஹெவிவெயிட்டில் நின்றவர் ஹோரஸ். பெரிய பட்டம் எதுவும் வாங்கவில்லை. ஆனால் உலகத்தில் வேறு யாருக்கும் கிடைக்காத ஒன்று அவருக்குக் கிடைத்தது. இருபத்திரண்டு வயதில், அன்றைய உலக சாம்பியன் ஆம்ப்ரோஸ் கேட்ஸ்டனிடம் அடி வாங்கினார். முப்பத்தெட்டு வயதில், அப்போதுதான் மேலே வந்துகொண்டிருந்த டேவியன் மேப்ரி என்ற பையனிடம் அடி வாங்கினார். அந்த மேப்ரிதான் இன்றைய உலக சாம்பியன். இரண்டு பேர் கையும் பட்ட தாடை ஹோரஸுடையது ஒன்றே ஒன்றுதான்.

ஆகவே சலூனில் சனிக்கிழமை தவறாமல் நடக்கும் வழக்கில் அவர்தான் சாட்சி, அவரேதான் சான்றுப் பொருள். கேட்ஸ்டனும் மேப்ரியும், இரண்டு பேருமே நல்ல வயதில் இருக்கும்போது, மோதினால் யார் ஜெயிப்பார்?

"நம்ம சாம்ப் கேட்ஸ்டன் இவர முடிக்க ஏழு ரவுண்டு எடுத்துக்கிட்டாரு. மேப்ரிக்கு ரெண்டே ரவுண்டு. கணக்கு முடிஞ்சுது," என்பார் பஸ் ஓட்டும் கிளெமென்ட்.

"எங்க முடிஞ்சுது?" மிஸ் ரோவினா மெஷினை நிறுத்திவிட்டுத் திரும்புவார். "மேப்ரி அடிச்சப்ப இவருக்கு வயசு என்ன? தேஞ்சு போன டயர ஒருத்தன் கிழிச்சான்னா, அது வீரமா?"

"நான் இங்கதான் நிக்கறேன்," என்பார் டயர்.

"நீங்கதான் வாயத் தொறக்க மாட்டேங்கறீங்களே."

"ரெண்டு பேரு அடிச்சாலும் வலிக்கும்." இதுதான் பத்து வருடமாக அவர் சொல்லும் பதில். சொல்லிவிட்டு ஜன்னலுக்குப் போய்விடுவார்.

நான் கரோலினாவில் சோயா வயல்களுக்கு நடுவே ஒரு சின்ன ஊரிலிருந்து படிக்க வந்தவன். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள். அதை இவர்களிடம் ஒரு தடவைக்கு மேல் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, பெயரே 'காலேஜ்' என்று ஆகிவிட்டது. எனக்கு அதில் வருத்தம் இல்லை. சலூனுக்கு மாடியில் குடியிருக்கிறேன். ஹோரஸ் கால்நடையாகச் சுற்றும்போது பேச்சுத் துணைக்கு என்னைத்தான் கூப்பிடுவார்.

எங்கள் தெருக்களில் ஒரு நாளாவது கையுறை மாட்டியவன் எல்லோரும் 'சாம்ப்'தான். ஆறு சண்டை போட்டு ஆறிலும் தோற்றவனையும் அப்படித்தான் கூப்பிடுவோம், அவனும் கூச்சமில்லாமல் திரும்பிப் பார்ப்பான். ஆனால் ஆம்ப்ரோஸ் கேட்ஸ்டன் உள்ளே வந்துவிட்டால் அந்தச் சொல் அவருக்கு மட்டும்தான். அவர் இருக்கும்வரை மற்ற எல்லோரும் வெறும் பெயர். யாரும் உத்தரவு போட்டு வந்த பழக்கம் இல்லை இது. ஹோரஸும் இத்தனை வருடத்தில் அவரைச் சாம்ப் என்பதைத் தவிர வேறு எப்படியும் கூப்பிட்டதில்லை.

அந்த ஏழாவது ரவுண்டுக்குப் பிறகு, முகம் வீங்கிக் கிடந்த ஹோரஸின் அறைக்குக் கேட்ஸ்டன் தானே வந்து, ஐஸ் பையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாராம். அன்று ஆரம்பித்த சிநேகம். நர்ஸ் அம்மாள் போன பிறகு, மனைவியை இழந்த கேட்ஸ்டன் தன் வீட்டு மூன்றாம் மாடி அறையைக் காலி செய்து கொடுத்தார். இன்றும் ஹோரஸ் அங்கேதான் இருக்கிறார். விடிவதற்கு முன்பே மொத்தக் காய்கறிச் சந்தைக்குப் போய் வெங்காயப் பெட்டிகளை இறக்கிவிட்டு வருவார். வந்ததும் கேட்ஸ்டன் முட்டையும், ஸ்கிராப்பிள் என்ற பன்றிக்கறி அடையும் வறுத்து வைத்திருப்பார். தட்டை நீட்டும்போதே பேச்சும் தொடங்கிவிடும்.

"அந்த மேப்ரிப் பையனோட எடது கை ஜாப் பாத்தியா? நீட்டுனா அப்படியே வெளிய விட்டுர்றான். நான் வலது பக்கம் குனிஞ்சு அடியில போயிருந்தேன்னா அவன் வெலா எலும்பு என்ன ஆகியிருக்கும்?"

"உடைஞ்சிருக்கும், சாம்ப்."

நீட்டி வரும் இடக்கை நேர்குத்துக்கு அடியில் வலது பக்கமாகக் குனிந்து உள்ளே போவதுதான் கேட்ஸ்டனின் வித்தை. அதை வைத்துத்தான் ஊரையே ஆண்டார்.

மார்ச் மாதம் ஒரு செய்தி வந்தது. மேப்ரி பட்டத்தைத் தக்கவைக்கும் சண்டை எங்கள் ஊரிலேயே நடக்கப்போகிறது. அதற்கு முன்னோட்டமாக உள்ளூர் டிவிக்காரர்கள் சனிக்கிழமை சலூனுக்கு வந்து அந்தப் பழைய வழக்கைப் படம் பிடிக்கப்போகிறார்கள். கேட்ஸ்டனும் இருப்பார். கேள்வி ஹோரஸுக்குத்தான்.

அந்த வாரம் முழுக்க மனிதர் நிற்கவில்லை. ஏறிய பஸ்ஸிலிருந்து பாதி வழியில் இறங்கி நடந்தார். மழையில் நனைந்தார். வியாழக்கிழமை பிரெட்செல் ரொட்டி வாங்கப் போகலாம் என்று என்னைக் கூப்பிட்டு, கடையைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தார். நான் பின்னால் ஓடினேன்.

"மேப்ரிதான் ஜெயிப்பான்," என்றார் திரும்பாமலே.

நான் எட்டி நடந்து அவர் பக்கத்தில் வந்தேன்.

"அன்னிக்கு ரெண்டாவது ரவுண்டுல விழுந்தேன்ல, மல்லாக்கக் கெடந்து மேல லைட்டப் பாக்கறேன். அப்ப என்ன நெனச்சேன் தெரியுமா? ஐயோ, இந்தக் குத்துல சாம்ப் மாட்டியிருப்பாரேன்னு நெனச்சேன். என்னப் பத்தி நெனப்பே வரல."

"அப்ப டிவில என்ன சொல்லப் போறீங்க?"

"சாம்ப் பேரச் சொன்னா கடையே கை தட்டும். ஆனா எனக்குன்னு தெரிஞ்சது இது ஒண்ணுதான், காலேஜ். வேற எவனுக்கும் தெரியாது. அதையும் மாத்திச் சொல்லிட்டேன்னா, நான் எதுக்கு ரெண்டு பேருகிட்டயும் அடி வாங்குனேன்?"

"மேப்ரின்னே சொல்லிடுங்க."

"சொல்லிட்டு மறுநா காலைல எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அந்த மனுஷன் வறுத்த முட்டையத் திங்கறது?"

காலம் வேறு, ஆட்டம் வேறு, இரண்டையும் ஒப்பிட முடியாது என்று சொல்லிப் பாருங்களேன் என்றேன்.

"அது பரீட்சைல எழுதற பதிலுய்யா," என்று சொல்லிவிட்டு இன்னும் வேகமாக நடந்தார். பிரெட்செல் கடைசிவரை வாங்கவில்லை.

சனிக்கிழமை சலூன் நிறைந்துவிட்டது. டிவிக்காரர்கள் மட்டும் வரவில்லை. கேட்ஸ்டன் நாற்காலியில் துணி போர்த்தி உட்கார்ந்திருந்தார். காமிராவுக்கு முன் முகம் சுத்தமாக இருக்க வேண்டும் என்று மிஸ் ரோவினா அவர் தாடை முழுக்க, காது வரைக்கும், நுரையை அப்பியிருந்தார். ஹோரஸ் நாலு தடவை ஜன்னலுக்குப் போய் வந்துவிட்டார்.

"யோவ் ஹோரஸ், அந்தத் தரையாவது கொஞ்ச நாள் தாங்கட்டும்," என்றார் கிளெமென்ட்.

கேட்ஸ்டன் கண்ணாடியில் ஹோரஸையே பார்த்துக்கொண்டிருந்தார். "இந்த வாரம் பூரா நீ சரியாச் சாப்பிடல. டிவிக்காரன் கேக்கறதுக்கு முன்னாடி எங்கிட்ட சொல்லு."

"என்ன சொல்றது, சாம்ப்?"

"வாயால வேண்டாம். வாய் என்ன வேணாலும் பேசும். கையால காட்டு." துணியை உதறிவிட்டு எழுந்தார். "கொஞ்சம் நகர்ந்து பாக்கலாமா?"

கடையில் இருந்த சிரிப்பு நின்றுவிட்டது. இந்த ஊரில் கையுறை மாட்டியவன் அந்த வார்த்தைக்கு இல்லை என்று சொல்ல மாட்டான். ஹோரஸ் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

"என் கண்ணாடி மேல பட்டுச்சு, ரெண்டு பேரு தலையையும் மொட்டை அடிச்சுருவேன்," என்றார் மிஸ் ரோவினா. ஆனால் கத்தரிக்கோல், சீப்பு வைத்த தள்ளு வண்டியை அவரே ஓரமாக நகர்த்தி இடம் விட்டார்.

மெதுவாகத்தான் செய்தார்கள், தண்ணீருக்குள் செய்வது மாதிரி. ஹோரஸ் மேப்ரியைப் போல நின்று இடக்கையை நீட்டினார். கேட்ஸ்டன் வலது பக்கம் குனிந்தார், கை தலைக்கு மேலே வெறுமனே போயிற்று. அவர் முஷ்டி ஹோரஸின் விலாவில் லேசாகத் தட்டியது. கடை ஆர்ப்பரித்தது. இரண்டாம் முறையும் அப்படியே.

மூன்றாம் முறை ஹோரஸ் நீட்டிய கை பாதி வழியில் நின்றது. திரும்ப இழுக்கவில்லை. அங்கிருந்தே முழங்கையை உயர்த்தி, கொக்கி மாதிரி வளைத்து உள்ளே கொண்டுவந்தார். கேட்ஸ்டன் எப்போதும் குனியும் பக்கம்தான் குனிந்தார். அந்தக் கைக்குள் அவரே தலையைக் கொண்டுபோய் வைத்த மாதிரி இருந்தது. காதோரம் தொட்டு நின்றது. ஹோரஸ் கையை எடுத்தபோது விரல் முட்டிகளில் வெள்ளையாக நுரை ஒட்டியிருந்தது.

கேட்ஸ்டன் அந்த நுரையைப் பார்த்தார்.

"மறுபடி."

மறுபடியும் நுரை.

"மறுபடி."

இந்த முறை கேட்ஸ்டன் இடது பக்கம் சாய்ந்தார். வளைந்த கை காற்றைத்தான் தடவியது.

"பாத்தீங்களா! சாம்ப் கண்டுபிடிச்சிட்டாரு," என்று கிளெமென்ட் கை தட்டினார். இன்னும் சில பேர் சேர்ந்து தட்டினார்கள். கேட்ஸ்டன் கையை உயர்த்தி அடக்கினார்.

"மெதுவா ரெண்டு தடவை பட்டதுக்கப்புறம் கண்டுபிடிச்சேன். ரிங்ல அவன் அந்த ரெண்டையும் வேகமா விட்டிருப்பான். அதுவரைக்கும் நான் நின்னிருப்பேனா?"

"நான் நிக்கல," என்றார் ஹோரஸ்.

"உன்னப் பத்தி நான் கேக்கல."

ஹோரஸின் கால்கள் அப்போதுதான் அசையாமல் நின்றதைக் கவனித்தேன். முட்டிகூட ஆடவில்லை. "இல்ல, ஆம்ப்ரோஸ்," என்றார். "நீ நின்னிருக்க மாட்ட."

அந்தப் பெயரை அந்தக் கடையில் யாரும் நேருக்கு நேர் சொல்லி நாங்கள் கேட்டதில்லை. மிஸ் ரோவினா கத்தியைத் துடைப்பதைப் போலத் திரும்பிக்கொண்டார். கேட்ஸ்டன் நாற்காலிக்குப் போய் உட்கார்ந்து, தானே துணியைப் போர்த்திக்கொண்டார்.

"நுரை காஞ்சு போச்சு, ரோவினா. புதுசாப் போடு."

டிவிக்காரர்கள் வந்தபோது கேட்ஸ்டனின் முகம் பளபளவென்று இருந்தது. நல்ல உடையணிந்த பெண் ஒருத்தி மைக்கை நீட்டி ஹோரஸிடம் கேட்டாள். அவர் கேட்ஸ்டனைப் பார்த்தார். கேட்ஸ்டன் தலையாட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை. "உங்கிட்டதான் கேக்கறாங்க. நின்னுக்கிட்டே இருக்காத, பதில் சொல்லு," என்றார்.

"மேப்ரி," என்றார் ஹோரஸ். "ஆனா இவரு விட்ட குத்துல மேப்ரிக்கு அன்னிக்குத் தாடை வலிச்சிருக்கும்."

"விலா," என்று பின்னாலிருந்து கேட்ஸ்டன் திருத்தினார். டிவியில் அந்தக் குரலும் வந்தது.

அன்று ஹோரஸும் கேட்ஸ்டனும் சேர்ந்துதான் வீட்டுக்குப் போனார்கள். ஹோரஸ் தன் பெட்டியைக் கட்டி வைத்தாராம். கதவுப் பக்கம் போவதும் வருவதுமாக இருந்தாராம். ஞாயிறு காலை கீழே இறங்கினால் முட்டை வறுபடும் சத்தம். கேட்ஸ்டன் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே திரும்பி, "எடது பக்கம் சாஞ்சா, அடுத்து அவன் வலது கைல என்ன விடுவான்?" என்று கேட்டாராம்.

அதற்கப்புறம் கேட்ஸ்டன்தான் ஓய்வதில்லை. காய்கறிச் சந்தைக்கே போய், பெட்டி இறக்கிக்கொண்டிருக்கும் ஹோரஸிடம் சந்தேகம் கேட்கிறார். போன செவ்வாய்க்கிழமை பிராட் தெரு முனையில், பச்சை விளக்கு எரிந்தும் கடக்காமல் இரண்டு பெரிய மனிதர்கள் கையைத் தூக்கிக்கொண்டு எதிரெதிரே நின்றிருந்தார்களாம். கிளெமென்ட் பஸ்ஸை நிறுத்தி ஹாரன் அடித்துப் பார்த்திருக்கிறார்.

"ஏறுறீங்களா இல்லையா?"

"இரு," என்றாராம் கேட்ஸ்டன், திரும்பாமலே. "இப்பதான் ரெண்டாவது ரவுண்டு."