காமா கதிரும் ஒரு ஸ்கேனும்

பெண் பார்க்க வீட்டுக்கு வந்தால் அக்கம்பக்கத்துக்குத் தெரிந்துவிடும் என்று எங்கள் ஆட்கள் இப்போதெல்லாம் கோயிலில் வைத்துக்கொள்கிறார்கள். தற்செயலாகப் பார்த்ததுபோல் பிராகாரத்தில் ஒரு கும்பிடு, பிறகு ஓட்டலில் டிபன். அந்த நாடகமே எனக்குக் குமட்டும். அப்பாவுக்காக மயிலாப்பூருக்குப் போனேன்.

மாப்பிள்ளை வீட்டாருக்குத் தி.நகரில் ஜவுளிக்கடை. சாம்பார் வடை வந்ததும் மாப்பிள்ளையின் அம்மா என் வேலையைப் பற்றிக் கேட்டார். லடாக் மலையில் காமா கதிர்த் தொலைநோக்கி, அதன் கண்ணாடிகளைச் சரிபார்ப்பது என் பொறுப்பு, நிலா இல்லாத இரவுகளில்தான் அது வேலை செய்யும் என்றேன். அவர் ஸ்பூனை வைத்துவிட்டு என் வயிற்றைப் பார்த்தார்.

"ஏம்மா, புத்துநோய்க்குக் கரண்ட் வைப்பாங்களே, அதுதானே இது? நாளைக்குக் குழந்தை குட்டின்னு ஒண்ணு இருக்குல்ல?"

பொறுமையாகத்தான் விளக்கினேன். விண்வெளியிலிருந்து வரும் காமா கதிர் தரையைத் தொடுவதே இல்லை. உயரே காற்றில் மோதித் துகள்களாகச் சிதறுகிறது. அப்போது கண் சிமிட்டுவதற்குள் ஒரு நீல ஒளி மின்னி மறையும். எங்கள் கண்ணாடிகள் பிடிப்பது அந்த வெளிச்சத்தை மட்டும்தான். அந்த அம்மாள் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, எதற்கும் ஒரு ஸ்கேன் எடுத்துவிடலாம் என்றார், சேலையில் சாயம் போகுமா என்று நனைத்துப் பார்க்கச் சொல்லும் குரலில். இன்ஜினியரிங் படித்த மாப்பிள்ளை போனைத் தடவிக்கொண்டிருந்தார். பிளஸ் டூவில் படித்த இயற்பியலுக்காவது அவர் வாயைத் திறந்திருக்க வேண்டாமா? சீ என்றிருந்தது.

அப்பா ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். தொலைநோக்கியின் படங்களைப் போனில் வைத்துக்கொண்டு ரேஷன் கடை வரிசையில்கூட ஆட்களுக்குக் காட்டுகிறவர் அவர். அன்று வடையைச் சாம்பாரில் அழுத்திக்கொண்டே இருந்தார். நான்தான் ஸ்கேனும் வேண்டாம், சம்பந்தமும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

திரும்பும் வழியில் ஆட்டோ லஸ் முனையைத் தாண்டியது. அப்பா சாலையைப் பார்த்தபடி சொன்னார்: "அந்தம்மா கேட்டதுல தப்பில்லம்மா. நீ ஒவ்வொரு தடவை மலைக்குப் போறப்பவும் எனக்கும் அந்த பயம் உண்டு. ஒரு ஸ்கேன் எடுத்துட்டா மனசு ஆறும்."

அந்த அம்மாள் முன்பின் தெரியாதவர், எங்கள் வீட்டுக்குப் போய்த் திட்டித் தீர்த்துவிடலாம். இத்தனை வருடம் என்னை விமான நிலையத்தில் இறக்கிவிட்டுக் கையசைத்தவரும் மனதுக்குள் இதைத்தான் வைத்திருந்தார் என்று தெரிந்தபோது அருவருத்துப்போனேன். இன்னும் என்னால் அப்பாவிடம் முகம் கொடுத்துப் பேச முடியவில்லை.