மாடி அறையில் அவன் சொன்னது

இரண்டு வருடங்களுக்கு முன்பு, பொங்கல் லீவு முடிந்து காலேஜ் திறந்த வாரம் அது. முதல் வருடம் படித்துக்கொண்டிருந்த என் மகன் காலையில் எழுந்தான், பல் தேய்த்தான், திரும்பப் போய்ப் படுத்துக்கொண்டான். நெற்றியில் கை வைத்துப் பார்த்தேன், காய்ச்சல் இல்லை. மறுநாளும் அப்படியே. அந்த வாரம் முழுக்க அப்படியே. எங்கள் வீடு மதுரை வண்டியூரில். நான் வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறேன். என் மெஷினுக்கு எதிரேதான் அவன் கட்டில். நாள் பூராவும் அவன் முதுகைப் பார்த்துக்கொண்டே தைத்தேன்.

எனக்கு ஒரு குணம் உண்டு. எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளாவிட்டால் சோறு இறங்காது. துணி கொடுக்க வருகிறவர்களிடமே என்ன விசேஷம், யார் வீட்டுச் சம்பந்தம் என்று குடைந்து எடுத்துவிடுவேன். பெற்ற பிள்ளையை விடுவேனா? பரீட்சையில் போய்விட்டதா, எவனாவது அடித்தானா, பெண் விவகாரமா என்று கேட்காத கேள்வி இல்லை. "ஒண்ணுமில்லம்மா" என்பான். அதற்கு மேல் கேட்டால் போர்வையை இழுத்து மூடிக்கொள்வான். தட்டில் போட்ட சோறு காய்ந்து கிடக்கும். மாரியம்மன் கோயிலில் கயிறு மந்திரித்துக் கட்டினேன். கோரிப்பாளையம் தர்காவுக்குக் கூட்டிப்போய் ஓதி ஊதச் சொன்னேன். கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் வந்தான். வந்து மறுபடி படுத்துக்கொண்டான்.

என்னிடம் துணி தைக்கக் கொடுக்கும் நர்ஸம்மா ஒருவர்தான் அந்த இடத்தைச் சொன்னார். பள்ளிக்கூடம், காலேஜ் வயதுப் பிள்ளைகளுக்காக மாநகராட்சியே ஒரு உதவி மையம் நடத்துகிறதாம், காசு கிடையாதாம். சிம்மக்கல் பக்கம் ஒரு பழைய கட்டடத்து மாடி. கீழே வீட்டு வரி கட்டுகிற கூட்டம். மேலே ஏறிப் பார்த்தால் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஒரு மூலையில் யூனிபாரம் போட்ட பெண் பிள்ளைகள் ஏதோ போட்டித் தேர்வுக்குப் படிக்கிறார்கள். இன்னொரு பக்கம் வேலைக்கு எப்படி விண்ணப்பிப்பது என்று ஒருவர் பாடம் எடுக்கிறார். நடுவில் கேரம் போர்டு. இது ஆஸ்பத்திரியா, டியூஷனா, பொழுதுபோக்கு மன்றமா?

ஆலோசனை சொல்கிறவர் என்று காட்டினார்களே, அந்தப் பெண்ணைப் பார்த்ததும் எனக்கு இருந்த கொஞ்ச நம்பிக்கையும் போய்விட்டது. கல்யாணத்துக்குப் பார்த்துக்கொண்டிருக்கிற வயது. என் மகனைப் பார்த்து, "உங்க பேரென்ன?" என்று கேட்டார். நான் சொன்னேன். என்ன படிக்கிறீங்க என்றார். அதையும் நானே சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "அம்மா, நீங்க வெளியில கொஞ்சம் உக்காருங்க" என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

எனக்குச் சுருக்கென்றது. டாக்டரிடம் போனால்கூட நோயைச் சொல்வது நான்தானே. பெஞ்சில் உட்கார்ந்து கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்தவனிடம் மாத்திரைச் சீட்டு இல்லை, ஒன்றும் இல்லை. பஸ்ஸில் வரும்போது என்ன கேட்டார்கள் என்றேன். "சும்மா பேசிக்கிட்டு இருந்தோம்" என்றான். என்னிடம் வாய் திறக்காதவன் முன்பின் தெரியாத ஒருத்தியிடம் சும்மா பேசியிருக்கிறான். சந்தோஷப்படுவதா, அழுவதா என்று தெரியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வாராவாரம் போனோம். சில நாள் பேச்சு, சில நாள் கேரம். கேரம் ஆட டவுன் பஸ் ஏறி இவ்வளவு தூரம் வர வேண்டுமா என்று என் வீட்டுக்காரரிடம் புலம்பினேன். அவர் அதே சிம்மக்கல்லில் மொத்த வியாபாரக் கடையில் வேலை பார்க்கிறவர். நாங்கள் அந்த மாடிப்படி ஏறுவதைத் தெரிந்தவர்கள் யாராவது பார்த்துவிடுவார்களோ என்பதுதான் அவர் கவலை.

பொறுமை தீர்ந்துபோய் என் அண்ணனுக்குப் போன் போட்டேன். உசிலம்பட்டிப் பக்கம் விவசாயம் பார்க்கிறார். எங்கள் வழக்கத்தில் ஒரு வீட்டில் பையன் சரியில்லை என்றால் தாய்மாமனுக்குச் சொல்லிவிடுவோம். அவர் தனியாக வர மாட்டார். பங்காளிகள் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வருவார். பையனை நடுவில் உட்கார வைத்து ஆளாளுக்குப் புத்தி சொல்வார்கள், பிறகு எல்லோருமாகக் கறிச்சோறு சாப்பிடுவார்கள். நான் பார்த்துப் பல வீடுகளில் அது பலித்தும் இருக்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை வாரேன் என்றார் அண்ணன். எனக்கு மலையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. மகனிடமும் சொன்னேன். அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

அந்த வெள்ளிக்கிழமை மையத்துக்குப் போனபோது, முதல் தடவையாக அந்தப் பெண் என்னை உள்ளே கூப்பிட்டார். மகன் வெளியே போய் உட்கார்ந்தான்.

"அம்மா, ஞாயித்துக்கிழமை வர்றவங்களை வேணாம்னு சொல்லிருங்க" என்றார். "அன்னைக்கு உங்க மகன் வீட்டுல இருக்க மாட்டேங்கிறார். எங்க போவார், என்ன பண்ணுவார்னு அவருக்கே தெரியல. அதான் எனக்குப் பயமா இருக்கு. அவர்கிட்ட கேட்டுட்டுத்தான் இதை உங்ககிட்ட சொல்றேன்."

என் அண்ணன் ஏதும் செய்துவிட்டாரா என்று கேட்டேன். அப்படி எதுவுமே இல்லை, யார் மேலும் குறை இல்லை, பல பேர் முன்னால் வைத்துக் கேட்டால் தாங்க மாட்டார், அவ்வளவுதான் என்றார். அப்படியானால் அவனுக்கு என்னதான் குறை என்றேன். அதை அவர்தான் சொல்ல வேண்டும், நான் சொல்லக் கூடாது என்றார்.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ. "ஏத்தா, பத்து மாசம் சுமந்தவ நானு. எம்பிள்ளை சொன்னதை எனக்கே சொல்ல மாட்டேன்னா என்ன நியாயம்?" என்று கத்திவிட்டேன். வெளியே கேரம் காய் சத்தம் நின்றுபோனது. அந்தப் பெண் முகம் சுருங்கவில்லை. "உங்ககிட்ட சொல்லிட்டா அப்புறம் என்கிட்டயும் பேச மாட்டார்மா. அப்போ யார்கிட்ட பேசுவார்?" என்று மட்டும் கேட்டார். பிறகு, ஞாயிற்றுக்கிழமை வரை அவனைத் தனியாக விட வேண்டாம், எந்த நேரமானாலும் கூப்பிடுங்கள் என்று தன் நம்பரைக் கொடுத்தார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் குழம்பிக்கொண்டே வந்தேன். இந்தச் சின்னப் பெண்ணின் பேச்சை நம்பி அண்ணனை வராதே என்பதா? தாய்மாமனைக் கூப்பிட்டுவிட்டு வேண்டாம் என்று சொல்வது எங்களில் அடிப்பதற்குச் சமம். அதிலும் ஏன் என்று கேட்டால் சொல்ல என்னிடமே காரணம் இல்லை. பக்கத்து சீட்டில் மகன் கண்ணை மூடிக்கொண்டிருந்தான். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. ஞாயிற்றுக்கிழமை இவன் எங்கே போவான் என்று நினைத்ததும் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, ஞாயித்துக்கிழமை வர வேணாம்ணே."

"ஏத்தா, என்ன ஆச்சு?"

"எனக்கே தெரியலண்ணே. இப்ப வேணாம், அம்புட்டுத்தான்."

"நாலு பேர்ட்ட சொல்லிட்டேன். தாய்மாமன் நானு, என்னைய வராதங்கிறியா?"

ஆமாண்ணே என்றேன். அவர் பட்டென்று போனை வைத்துவிட்டார். எங்கள் அப்பா போன பிறகு எனக்கு எல்லாமே அந்த அண்ணன்தான். அடுப்படியில் போய் நின்று அழுதேன்.

பின்னால் யாரோ நிற்பது போலிருந்தது. மகன். எவ்வளவு நேரமாகக் கேட்டுக்கொண்டிருந்தானோ. அவனே தட்டை எடுத்துச் சோறு போட்டுக்கொண்டு என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். என் வாய் வரைக்கும் கேள்வி வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டேன். ரசம் ஊற்றவா என்று மட்டும் கேட்டேன். ஊத்தும்மா என்றான். பல வாரங்களுக்குப் பிறகு அன்றைக்குத்தான் தட்டைக் காலி செய்தான்.

ஒரே நாளில் எல்லாம் மாறிவிட்டது என்று சொன்னால் அது பொய். சித்திரை வரைக்கும் வீட்டுப் படுக்கையும் மையத்து மாடியுமாகத்தான் இருந்தான். நடுவில் மையத்திலிருந்து பெரியாஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள், சில மாதங்கள் மாத்திரை சாப்பிட்டான். மாத்திரை எதற்கு என்று அவனாகச் சொன்னது கொஞ்சம்தான், அதற்கு மேல் நான் கேட்கவில்லை. காலேஜுக்குப் பதிலாக அந்த மையத்தின் மூலமாகவே ஏசி மெக்கானிக் பயிற்சியில் சேர்ந்தான். இப்போது வேலைக்குப் போகிறான், வந்தால் வாய் ஓயாமல் கம்ப்ரசர் கதை சொல்கிறான்.

அண்ணன் ஆறேழு மாதம் பேசவில்லை. பிறகு குலசாமி கும்பிடப் போன இடத்தில் அவரே வந்து, "மாப்ள நல்லாயிட்டானா?" என்றார். நல்லா இருக்காண்ணே என்றேன். என்னதான் பிரச்சினையாம் என்றார். தெரியாதுண்ணே என்றேன். பெத்தவளுக்கே தெரியாதா என்று என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

இன்றைக்கும் எனக்குத் தெரியாது. கேட்டுவிடலாமா என்று சில சமயம் நாக்கு துடிக்கும். பிள்ளையைப் பற்றி எல்லாம் தெரிந்தவள்தான் தாய் என்று அதுவரை நம்பியிருந்தேன். அவன் எனக்குச் சொல்லாமல் வைத்திருப்பதும் சேர்ந்துதான் என் பிள்ளை என்பதை, இன்னும் முழுசாகப் புரியாமலே, ஏற்றுக்கொண்டு வாழ்கிறேன்.