கலவான சமையலறையில் கேட்ட கிரேக்கச் சொல்

2006 ஏப்ரல் விடுமுறையில், சிங்கராஜக் காட்டில் பறவை பார்க்கலாம் என்று கொழும்பிலிருந்து கிளம்பினேன். காலை ஆறு மணி பஸ். நூறு கிலோமீட்டர் தள்ளி இரத்தினபுரியில் ஒன்பதே காலுக்கு இறங்கி, நிவித்திகல வழியாக இன்னொரு பஸ் பிடித்துக் கலவான போய்ச் சேர மதியம் பன்னிரண்டு. சாப்பாட்டோடு அறை ஆயிரத்து இருநூறு ரூபா. பறவைகளை விடுங்கள், அங்கே என் காதில் விழுந்த ஒரு சொல்லைப் பற்றித்தான் இந்தப் பதிவு!

விடுதியில் என்னைத் தவிர ஒரு கிரேக்கத் தம்பதி. கணவர் நிக்கோஸுக்கு இரண்டு நாளாக வயிற்றோட்டம். எதைச் சாப்பிட்டாலும் தங்கவில்லை. நான் வந்த கையோடு பெருமழை பிடித்துப் பாதையில் மரம் விழுந்துவிட்டது. விடுதி முதலாளி டொக்டரைக் கூட்டிவர நடந்தே போயிருந்தார். சமையலறையில் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துச் செல்வமணி மட்டும். தமிழும் சிங்களமும் சரளம், ஆங்கிலம் தெரியாது. நிக்கோஸின் மனைவி எலேனி ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்து, பதற்றத்தில் தன் மொழிக்கே மாறிவிட்டார்.

"ரீசி! ரீசி!"

செல்வமணி சட்டென்று திரும்பினார். "அரிசியா? கஞ்சி வைக்கணுமாங்க?"

சத்தம் கேட்டு அப்போதுதான் வாசலுக்கு வந்த எனக்குப் புல்லரித்தது. இன்றைய கிரேக்கத்தில் அரிசிக்கு 'ரீசி', பழைய கிரேக்கத்தில் 'ஒருசா' என்று பெயர். அந்த 'ஒருசா'தான் இலத்தீனுக்குப் போய், இத்தாலியில் 'ரீசோ', பிரான்சில் 'ரீ', ஆங்கிலத்தில் 'ரைஸ்' என்றானது. நம் அரிசிதான் கப்பலேறிப் போனது என்று எங்கோ படித்திருந்தேன். சமஸ்கிருத 'வ்ரீஹி' பாரசீகம் வழியாகப் போயிருக்கும் என்பவர்களும் உண்டு; வழக்கு இன்னும் தீரவில்லை. அன்று எனக்கு அதெல்லாம் பெரிதாகப் படவில்லை. ஒருவர் சொன்னது மற்றவருக்குப் புரிந்துவிட்டதே!

உப்புக் கஞ்சி கரண்டி கரண்டியாக உள்ளே போனது, தங்கியது. நான்கு மணிக்கு டொக்டர் வந்தபோது நிக்கோஸ் இரண்டாவது கோப்பையில் இருந்தார். மருந்து கொடுத்த டொக்டர், கஞ்சியையே தொடரச் சொன்னார்.

போகிறவர்களுக்கு: ஏப்ரலில் மதியத்துக்குப் பிறகு மழை நிச்சயம், காலையிலேயே காட்டுக்குள் போய்விடுங்கள். அட்டைக்கு உப்பும் சவர்க்காரமும் எடுத்துக்கொள்ளுங்கள். வயிற்றுக்கு மருந்தும் கட்டாயம்.

மறுநாள் மதியம் நிக்கோஸே சமையலறைக்கு நடந்து வந்து பானையைக் காட்டினார். "ரீசி!"

செல்வமணி சிரித்தார். "வேகாம இருந்தாத்தாங்க அரிசி. வெந்துட்டா சோறு."

மொழிபெயர்த்தேன். கிரேக்கத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான் என்றார் எலேனி. அதையும், நம் அரிசிதான் கப்பலேறி அங்கே போனதாம் என்பதையும் செல்வமணிக்குச் சொன்னேன்.

"அப்ப பாதியத்தான் கொண்டுபோயிருக்காங்க," என்றார் செல்வமணி. "மிச்சத்தையும் எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க."

நிக்கோஸ் தட்டை நீட்டினார். "சோ... று."

செல்வமணி இரண்டு அகப்பை அள்ளி வைத்தார்.