ஒரு சாண் இடைவெளி

கரண்ட் பைப்பில் கட்டை விரலை ஒட்டி வைத்துக் கையை அகல விரித்தார். சுண்டு விரல் தொட்ட இடத்தில் பென்சிலால் ஒரு கோடு. இரண்டடி நகர்ந்து இன்னொரு கோடு. பின் அறையிலிருந்து சமையலறை வரை சுவர் முழுக்க இப்படிக் கோடு போட்டு முடித்த பிறகுதான் இன்டர்காம் ஒயரின் சுருளைப் பிரித்தார். மனைவி ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். டேப் வைத்து அளக்கச் சொன்னால் அவர் காதில் ஏறாது. நாற்பது வருஷமாக அவர் கைதான் அவருக்கு அளவுகோல். டேப் வைத்துக்கொண்டு வேலைக்கு வருகிறவனை அவர் வேலை தெரிந்தவனாகவே மதித்ததில்லை.

பெல், டெலிபோன், இன்டர்காம், பிறகு கேமரா என்று ஊரில் மெல்லிய ஒயர் ஓடும் இடமெல்லாம் அவரும் ஓடியிருக்கிறார். மெல்லிய ஒயரும் வீட்டுக் கரண்ட் லைனும் ஒரே பைப்பில் போகக் கூடாது. பக்கத்தில் போனாலும் ஒரு சாண் தள்ளித்தான் போக வேண்டும், இல்லாவிட்டால் கரண்டின் இரைச்சல் மெல்லிய ஒயரில் ஏறிவிடும். குறுக்கே கடந்தே ஆக வேண்டுமென்றால் கூட்டல் குறி மாதிரி நேராகக் கடக்க வேண்டும். இது அவர் வைத்த சட்டம். அதனால் தொழிலில் அவருக்குச் ‘சாண்’ என்றே பெயர். பைப்பை மிச்சம் பிடிக்கப் பார்க்கும் மேஸ்திரிகள் அவரைக் கண்டாலே தலையில் கை வைத்துக்கொள்வார்கள். கல்யாணத்தன்றும் பெண்ணுக்கு ஒரு சாண் தள்ளித்தான் உட்காருவாயா என்று ஒரு மேஸ்திரி கேட்டார். கல்யாணப் போட்டோவில் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறார்.

அந்தக் கல்யாணம் நடந்ததே ஒரு தப்பான ஒயரால்தான். அப்போது அவள் ஆஸ்பத்திரியில் நோயாளிகளைக் கவனிக்கும் வேலையில் இருந்தாள். இருபது கட்டில் போட்ட வார்டு. கட்டில்களின் தலைமாட்டில் பெல் வைத்த புண்ணியவான், கரண்ட் போகிற பைப்பிலேயே பெல் ஒயரையும் திணித்துவிட்டுப் போயிருந்தான். சூட்டில் ஒயரின் மேலுறை இளகிப்போய், ஒரு நாள் ஈரத் துணியால் பெல் பட்டனைத் துடைத்தவளை அது தூக்கிப் போட்டது. இரண்டு நாள் கை மரத்துக் கிடந்தது.

அதைச் சரிசெய்ய வந்தவர்தான் சாண். எட்டு நாள் கையை விரித்து விரித்து வார்டுச் சுவரோடு நடந்தார். விரித்தால் சாப்பாட்டுத் தட்டையே மூடிவிடும், அப்படி நீளமான விரல்கள். எட்டாம் நாள் அவளை பெல்லை அமுக்கிப் பார்க்கச் சொன்னார். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். அவரே தண்ணீரில் கையை நனைத்துக்கொண்டு அமுக்கிக் காட்டினார்.

"இப்ப நம்புறீங்களா?"

"ஆளை நம்பறேன். பெல்லை இன்னும் ரெண்டு நாள் பாத்துட்டுச் சொல்றேன்."

வார்டே சிரித்தது. பினாயில் வாசனை எங்கே அடித்தாலும் இன்றும் அவளுக்கு அந்தச் சிரிப்பும் அந்த ஈரக் கையும்தான் ஞாபகத்துக்கு வருகின்றன.

இப்போது பின் அறையில் படுத்திருப்பவர் அவருடைய அக்கா. பக்கவாதம் வந்து இடது கை மூடிக்கொண்டது, குரல் பாதியாகிவிட்டது. அக்காவின் மகன் தன் தாயைப் பராமரிப்பு இல்லத்தில் சேர்ப்பதாக இருந்தான். "எங்க அக்கா கூப்பிட்டா எனக்குக் கேக்கும்" என்று சொல்லிச் சாண் அழைத்து வந்துவிட்டார். அந்தச் சொல்லைக் காப்பாற்றத்தான் இன்டர்காம்.

அதுவோ முதல் நாளிலிருந்தே இரைந்தது. தண்ணீர் மோட்டாரைப் போட்டால் வண்டு புகுந்த மாதிரி ஒரே இரைச்சல். அக்காவின் குரல் அதற்குள் அமுங்கிப் போயிற்று. பெட்டிதான் கோளாறு என்று சாண் பெட்டியை மாற்றினார். இரைச்சல் மாறவில்லை. அதையும் திட்டிவிட்டு இன்னொன்று மாற்றினார். ஒயரை மட்டும் அவர் சந்தேகப்படவே இல்லை. ஒரு சாண் தள்ளி இழுத்த ஒயராயிற்றே.

வியாழக்கிழமை மத்தியானம் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தபோது அக்கா நாலு தரம் கூப்பிட்டிருக்கிறார். சமையலறையில் கேட்டது இரைச்சல் மட்டும். தானே எழுந்து பாத்ரூம் போகப் பார்த்துக் கட்டிலடியில் சரிந்துவிட்டார். எலும்பு தப்பியது, இடுப்பில் கன்றிப்போனது. மகனுக்குச் சொல்லாமல் இருக்க முடியாது. அவன் கோபப்படவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. "மாமா, நீங்க பாத்துக்க மாட்டீங்கன்னு நான் சொல்லல. ஆனா அம்மா கூப்பிட்டது கேக்கல இல்ல? ஞாயித்துக்கிழமை வண்டி அனுப்புறேன்" என்றான்.

வெள்ளி சாயந்திரம் அவள் நாத்தனாரின் மூடிய கையை வெந்நீரில் வைத்து விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். எதிரே மேஜையில் சாண் மூன்றாவது பெட்டியைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஸ்குரூவை எடுக்க அவர் விரலை நீட்டியதைப் பார்த்தாள். சுண்டு விரல் பாதியிலேயே நின்றது. மற்ற கணுக்களும் புடைத்திருந்தன. ஊரார் கையையெல்லாம் பிடித்துப் பார்த்தவள், பக்கத்திலேயே இருந்த இந்தக் கையைப் பார்க்காமல் விட்டிருக்கிறாள். தன் மேலேயே எரிச்சல் வந்தது.

எழுந்து தையல் டேப்பை எடுத்தாள். குடி வந்த வருஷம் கூடத்தில் அவர் இழுத்த பெல் ஒயரை முதலில் அளந்தாள். கரண்ட் பைப்பிலிருந்து ஒன்பது அங்குலம். இன்டர்காம் ஒயரை அளந்தாள். ஆறு, சில இடத்தில் ஆறுகூட இல்லை.

"என்ன அளக்கிற?" என்றார் சாண்.

"உங்க கையை. ஒயர் சரியா உங்க சாண் அளவுக்குத்தான் இருக்கு. சாண்தான் மூணு அங்குலம் குறைஞ்சுபோச்சு."

அவர் கையை மேஜையில் வைத்து விரித்துப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் விரிக்கப் பார்த்தார். சுண்டு விரல் அதற்கு மேல் நகரவில்லை. கட்டிலிலிருந்து அக்காதான் மெதுவாகச் சொன்னார்: "தம்பி, எனக்கு மூடிக்கிச்சு, உனக்கு முக்கால்வாசி திறந்திருக்கே. சந்தோஷப்படுடா."

மறுநாள் காலை ஆறு மணிக்கே கிளிப்புகளைப் பிடுங்கினார்கள். அவள் டேப்பைப் பிடித்து முழுசாகப் பன்னிரண்டு அங்குலம் வைத்துக் கோடு போட்டுக்கொண்டே போக, அவர் பின்னாலேயே ஆணி அடித்துக்கொண்டு வந்தார். ஒரு இடத்தில் பதினொன்றரை போதுமென்றார், அவள் ஒத்துக்கொள்ளவில்லை. எட்டரைக்கு மோட்டாரைப் போட்டுவிட்டுச் சமையலறையில் போய் நின்றார்கள். பெட்டியில் லேசான உஸ் சத்தம், அதற்கு மேல் அக்கா.

"டீல சர்க்கரை போட்டீங்களா இல்லையா?"

அவள் சர்க்கரை டப்பாவை அவர் கையில் கொடுத்து அனுப்பிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வண்டி வேண்டாம், வருவதானால் நீ மட்டும் வந்து இன்டர்காமில் அம்மா குரலைக் கேட்டுப் பார் என்று நாத்தனார் மகனுக்குப் போன் செய்தாள்.