மென்று தின்கிற ஐஸ்

ஆனி மாதத்தின் முதல் ஞாயிறு. மேட்டூரில் தண்ணீர் திறந்துவிட்டார்கள் என்று ரேடியோவில் சொல்லியாயிற்று. திருவையாற்றில் காவிரி இன்னும் மணலாகத்தான் கிடந்தது. எண்பதுகளின் தொடக்கத்தில் வந்த கோடை அது. காலை ஏழே காலுக்குப் பஸ் ஏறி, தஞ்சாவூரில் மாறி, நீடாமங்கலம் வழியாகக் கூத்தாநல்லூர் போனேன். ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான இந்தப் பயணம் முழுக்க ஓர் ஐஸுக்காக.

அங்கே ஒரு கடையில் விற்கும் ஐஸ் உருகுவதில்லை என்று எங்கள் ஊரில் நான்கு மாதமாகப் பேச்சு. பாங்கில் வேலை பார்ப்பவர் அது அல்வா மாதிரி என்றார். அவர் மைத்துனர் சைக்கிள் டியூப் மாதிரி என்றார். பலாச்சுளைதான், சந்தேகமே இல்லை என்றார் மூன்றாமவர். மூவரும் ஒரே நாளில் ஒரே மேசையில் சாப்பிட்டவர்கள். என் பலகாரக் குறிப்பேட்டில் எதை எழுதி வைப்பது என்று தெரியாமல் நானே கிளம்பிவிட்டேன்.

தஞ்சாவூரில் டிக்கெட் கிழித்த கண்டக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஐஸ் கடைக்கா சார்? பல்லெல்லாம் சொந்தப் பல்லுதானே?"

பஸ்ஸே சிரித்தது.

நீடாமங்கலத்தில் ஏறிய கணவனும் மனைவியும் என் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். மாரிமுத்து, அஞ்சலை. நான் போகுமிடத்தைக் கேட்டதும் அந்த அம்மாள், "நாங்களும் அங்கதாங்க. ஆனா திங்கப் போவல" என்றார்.

ஐஸ் கடைக்கு வேறு எதற்குப் போவார்கள்? விசாரித்தேன். மாரிமுத்துவின் அப்பா காலத்திலிருந்து ஐந்து மா நிலத்தைக் குத்தகைக்குச் செய்து வருகிறார்கள். நிலத்துக்காரர் தஞ்சாவூரில் இருக்கும் ஒரு மிராசுதாரின் மகன். இவர்கள் வாயில் சின்னய்யா. இந்தக் குறுவையைத் தானே சாகுபடி செய்துகொள்வதாகவும், ஒரு போகம் மட்டும் விட்டுக்கொடுக்கும்படியும் அவர் சொல்லி அனுப்பியிருக்கிறார். ஒரு போகம் விட்டால் நிலம் திரும்பி வராது. எங்கள் ஜில்லாவில் இது எல்லோருக்கும் தெரியும். இப்படிப்பட்ட பேச்சுகள் வயலில் கொடி நடுவதில் தொடங்கிப் போலீஸ் வேனில் முடிகிற காலம். அன்று காலையும் வழியில் ஒரு வேன் புளியமரத்தடியில் நின்றிருந்தது.

"அதை ஐஸ் கடையிலா பேசப் போகிறீர்கள்?"

"அவுக வீட்டுக்குப் போனா மாட்டுக்கொட்டாய்ப் பக்கம் நின்னுதான் பேசணும். வெவசாய சங்கத்துக் கொட்டாய்க்கு அவுக வர மாட்டாங்க" என்றார் மாரிமுத்து.

"பாய் கடையில எல்லாருக்கும் நாற்காலிங்க" என்றார் அஞ்சலை.

பத்தே முக்காலுக்குக் கடைக்குள் நுழைந்தோம். கடைத்தெருவில் பள்ளிவாசலுக்கு இரண்டு கட்டிடம் தள்ளி இருக்கிறது. முதலாளி ஜபருல்லா குவைத்தில் ஓர் ஓட்டல் சமையற்கட்டில் இருந்தவர். ஷாம் என்கிற சிரியா தேசத்துக்காரர் ஒருவரிடம் அங்கே இதைக் கற்றாராம். ஐஸ்கட்டியும் உப்பும் சூழ்ந்த எவர்சில்வர் தொட்டிக்குள் உறைந்த பாலை உலக்கையால் இடித்துக்கொண்டிருந்தார்.

"ஆம்பள உலக்கை புடிக்கிறத இன்னிக்கித்தான் பாக்குறேன்" என்றார் அஞ்சலை.

"வூட்டுல இது இன்னும் தெரியாதுங்க, சொல்லிடாதீங்க" என்றார் பாய்.

ஒரு தட்டு மூன்று ரூபாய். வெள்ளையாக ஒரு பாளம், மேலே பிஸ்தாத்தூள், அறுத்துத் தின்ன ஒரு கத்தி. ஒரு துண்டை முள்கரண்டியில் குத்தித் தூக்கினால் தட்டுக்கும் வாய்க்கும் நடுவே கயிறு மாதிரி நீண்டது. குளிர்ச்சி உடனே வரவில்லை. பால் மணத்துக்குப் பின்னால் சாம்பிராணி மாதிரி ஒன்று. மென்றேன். மெல்ல மெல்ல வாயிலேயே இருந்தது.

"இதை விழுங்க வேண்டுமா, துப்ப வேண்டுமா?"

"முழுங்குங்க சார், எல்லாம் பால்தான்."

அல்வா இல்லை. டியூப் இல்லை. பலாச்சுளை என்று சொல்லலாம் போலிருந்தது, அடுத்த வாயில் அதுவும் இல்லை. பிடித்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ள இன்னொரு துண்டு அறுத்தேன்.

இதற்குள் சின்னய்யா வந்து அடுத்த மேசையில் அவர்களுக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். நாற்பது வயதிருக்கும், சலவைச் சட்டை. மூன்று தட்டு வரவழைத்தார்.

"சாப்பிடு மாரி, உருகிடும்."

மாரிமுத்து தொடவில்லை. பேச்சு முடியாமல் எதிராளி செலவில் கை நனைப்பதில்லை என்பது எங்கள் பக்கத்து வழக்கம். பெண் பார்க்கப் போன வீட்டில்கூட அப்படித்தான். கை நனைத்தால் பேச்சு முடிந்தது என்று பொருள்.

"உருகாதுங்க. நிதானமாப் பேசுங்க" என்று தொட்டிப் பக்கமிருந்து பாய் குரல் கொடுத்தார்.

சின்னய்யா பேசினார். ஒரு போகம்தான், அடுத்த வருஷம் உனக்குத்தான், நான் என்ன அந்நியனா என்று சுற்றிச் சுற்றி அதையே சொன்னார். கடைசியில் அலுத்துப்போய்ப் பெரிய துண்டாக அறுத்து வாயில் போட்டுக்கொண்டார். அஞ்சலை அதற்காகவே காத்திருந்தது போல் ஆரம்பித்தார்.

"சின்னய்யா, வெதநெல்ல முந்தாநேத்தே ஊற வச்சாச்சு. மொள விட்டுருச்சு. போர்த்தண்ணியில நாத்தங்கால் தயாரா இருக்கு. மொளச்ச நெல்லத் திரும்ப மூட்டை கட்ட முடியுமா? நாங்களே வெதக்கிறோம். சரிதானுங்களே?"

சின்னய்யாவின் தாடை அசைந்தது. கையை உயர்த்தினார். பேச முயன்றார், பற்கள் பிரியவில்லை. தலை மேலும் கீழும் போயிற்று. அது சம்மதமா, மெல்லுகிற வேகமா? நான் மூன்றடி தூரத்தில் இருந்தேன். எனக்குத் தெரியவில்லை.

மாரிமுத்து ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். அஞ்சலையும் போட்டுக்கொண்டார். கை நனைந்துவிட்டது. கடை முழுக்க அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தது.

ஒருவழியாக விழுங்கிய சின்னய்யா அந்த இரண்டு தட்டுகளையும் பார்த்தார். எங்களையெல்லாம் பார்த்தார். பிறகு பாயிடம் திரும்பி, "இதுல என்னத்தய்யா போடுற?" என்றார். காசை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

திரும்பும் பஸ்ஸிலும் அவர்களோடுதான் வந்தேன். நீடாமங்கலம் பாலத்தில் வெண்ணாறு காய்ந்திருந்தது. நாலு நாளில் வந்துவிடும் என்றார் மாரிமுத்து. நான் மெதுவாகக் கேட்டேன்.

"அவர் தலையாட்டினாரா, மென்றாரா?"

"நீங்கதான் பக்கத்துல இருந்தீங்க" என்றார் அஞ்சலை. "நாளைக்கு யாராச்சும் வந்து கேட்டா நீங்க என்னங்க சொல்லுவீங்க?"

நீடாமங்கலத்தில் பஸ் நின்றது; மறுபடி கிளம்பக் கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார். அஞ்சலை படியில் இறங்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"தலையாட்டினார்" என்றேன். இறங்கினார்.

மாலை ஐந்தரைக்குத் திருவையாற்றில் இறங்கி, நேராக மிட்டாய்க் கடைக்குப் போய் அசோகா வாங்கினேன். பாசிப்பருப்பும் நெய்யும் சேர்ந்த அந்த இனிப்பு நாக்கில் வைத்ததும் தானாக இறங்கிவிட்டது. நல்ல பண்டம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் சின்னய்யா இதைத் தின்றிருந்தால், முடியாது என்று சொல்ல அவருக்கு நேரம் இருந்திருக்கும்.