கார்டில் கழற்றாத மூடி

இன்னும் எனக்குப் படபடப்பு அடங்கவில்லை.

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் நின்றுபோனால் முதலில் ஒயரைப் பார்க்கணும் என்று கூட வேலை செய்கிறவர்களை விரட்டுவார். வீட்டுக் கம்ப்யூட்டர்தான் அவருக்குச் செல்லப்பிள்ளை. எதையாவது வாங்கி அதில் மாட்டிக்கொண்டே இருப்பார். தூசி துடைக்கக்கூட என்னைப் பின்பக்கம் விடமாட்டார். போன வருஷம், திரையில் படம் பளிச்சென்று தெரியணும் என்று பெரிய கிராபிக்ஸ் கார்டு ஒன்று வாங்கி மாட்டினார். அன்றிலிருந்து வீட்டுக்கு யார் வந்தாலும் திரை முன்னால் உட்காரவைத்து, "படம் எப்படி?" என்று உயிரை வாங்குவார்.

இன்று கூடுதலாக மெமரி போடப் பெட்டியைத் திருப்பினார். நான் டார்ச் பிடித்தேன். திரையின் ஒயரைச் செருகவேண்டிய கார்டின் துளைகளில், கடையிலிருந்து வந்த ரப்பர் மூடிகள் அப்படியே இருந்தன. ஒயரோ மதர்போர்டில், கார்டு வாங்குவதற்கு முன்பிருந்த பழைய இடத்திலேயே செருகியிருந்தது.

"ஏங்க, கார்டுல ஒயரே காணோமே?"

குனிந்து பார்த்தவர் பேயறைந்த மாதிரி தரையில் உட்கார்ந்துவிட்டார். இத்தனை நாளும் அந்தக் கார்டு படத்துக்கு ஒன்றுமே செய்யாமல் விசிறியை மட்டும் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது!

"நீங்கல்லாம் ஒரு மெக்கானிக்கு! ஒயரைப் பாக்கத் தெரியல, இதுல ஊரைக் கூட்டிப் பெருமை வேற!" என்று பிடிபிடியென்று பிடித்துக்கொண்டேன்.

அவர் மெதுவாகத் தலையை நிமிர்த்தினார்.

"அது சரி. நான் கேட்டப்பல்லாம், 'முன்னைக்கு இப்போ எவ்வளவு பளிச்சுன்னு இருக்கு'ன்னு சொன்னியே. எதைப் பாத்துச் சொன்னே?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.